பாதியில் நின்ற புதுப்பிப்பு: ஃபார்மட் போடும் முன்

பள்ளிக் கணினியில் லினக்ஸ் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியில் மின்சாரம் போய்விடுகிறது. திரும்ப வந்ததும் கணினியை இயக்கினால் முகப்புத் திரை வருகிறது. ஆனால் புதிதாக எதையும் நிறுவ முடியவில்லை. ‘டிபிகேஜி இடையில் தடைபட்டது, சரிசெய்ய நீங்களே இந்தக் கட்டளையை இயக்க வேண்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சில கணினிகளில் அதுகூட வருவதில்லை. கருப்புத் திரையோடு நின்றுவிடுகின்றன.

இந்த இடத்தில் பெரும்பாலும் கேட்கும் குரல், “சிஸ்டம் போச்சு சார், ஃபார்மட் போட்டுடலாம்” என்பதுதான். ஃபார்மட் போட்டால் கணினி ஓடும். உள்ளே இருந்தவை போய்விடும். ஆறாம் வகுப்புக் குழந்தை டக்ஸ் பெயின்ட்டில் வரைந்து சேமித்த படம், ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஸ்கிராச்சில் இரண்டு மாதமாகச் செய்த விளையாட்டு, ஆசிரியர் தயாரித்து வைத்த வினாத்தாள்கள் எல்லாம் அதில் அடங்கும். ஃபார்மட் போடத் தெரிந்தவர் கிடைக்கும் வரை அந்தக் கணினி துணி போர்த்தி மூலையில் இருக்கும். நான்கு கணினிகளில் நாற்பது மாணவர்கள் பயிலும் ஆய்வகத்தில் ஒன்று முடங்கினால், ஒரு கணினிக்குப் பத்துப் பேர் என்பது பதின்மூன்று, பதினான்கு பேர் என்றாகிவிடுகிறது. பின்வரிசையில் நிற்கும் குழந்தைக்கு அன்று விசைப்பலகை கையில் கிடைக்காது.

பாதியில் நின்ற புதுப்பிப்புக்குப் பெரும்பாலும் ஃபார்மட் தேவையே இல்லை. நான்கைந்து கட்டளைகள் போதும். அவற்றை எந்த வரிசையில், ஏன் இட வேண்டும் என்பதை எந்தப் பாட ஆசிரியரும் புரிந்துகொள்ளலாம்.

எந்தக் கணினிகளுக்கு இது பொருந்தும்?

லினக்ஸில் பல குடும்பங்கள் உண்டு. இங்கே நாம் பேசுவது டெபியன் குடும்பம். 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்திலிருந்து கிளைத்தவையே உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் பெற்ற கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலும் விண்டோஸுடன் உபுண்டுவை அறிமுகப்படுத்துகிறது. இவை எல்லாவற்றிலும் மென்பொருளை நிறுவும் அடிப்படைக் கருவிகள் டிபிகேஜி, ஏபிடி. ஆகவே ஒன்றில் கற்றது மற்றதற்கும் உதவும். ஃபெடோரா போன்ற வேறு குடும்பத்து லினக்ஸுக்கு இக்கட்டளைகள் பொருந்தா.

உள்ளே என்ன நடக்கிறது?

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு ‘பேக்கேஜ்’, அதாவது தொகுப்பாக வருகிறது. தொகுப்பு ஒன்று கணினிக்குள் வருவதை நம் பள்ளிச் சேர்க்கையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

முதலாவது, பதிவிறக்கம். இதைச் செய்வது ஏபிடி. எந்தத் தொகுப்புக்கு எந்தத் தொகுப்பு துணை வேண்டும் என்று கணக்கிட்டு, இணையத்திலிருந்து எல்லாவற்றையும் வரவழைக்கிறது. குழந்தை பெற்றோருடன் பள்ளி வாசலுக்கு வந்து நிற்கும் கட்டம் இது.

இரண்டாவது, பிரித்து வைத்தல். இங்கிருந்து வேலை டிபிகேஜியின் கைக்குப் போகிறது. தொகுப்பைப் பிரித்துக் கோப்புகளை உரிய இடங்களில் வைக்கிறது. குழந்தை வகுப்பறைக்குள் வந்து பெஞ்சில் அமர்ந்துவிட்டது.

மூன்றாவது, அமைத்தல். ஆங்கிலத்தில் ‘கான்ஃபிகர்’ என்பது இதைத்தான். இந்தக் கணினிக்கு ஏற்ற அமைப்புகளைச் செய்து, தேவையான சேவைகளைத் தொடங்கி வைக்கிறது. குழந்தைக்குச் சேர்க்கை எண் கொடுத்து, எமிஸில் ஏற்றி, பாடநூல் வழங்குவது போன்றது.

ஒவ்வொரு கட்டமும் முடிய முடிய, டிபிகேஜி தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டே போகிறது. ‘ஸ்டேட்டஸ்’ என்ற பெயரில் இருக்கும் அந்தக் கோப்புதான் கணினியின் சேர்க்கைப் பதிவேடு. எந்தத் தொகுப்பு முழுமையாக நிறுவப்பட்டது, எது பிரித்து வைக்கப்பட்டு அமைக்கப்படாமல் நிற்கிறது, எது பாதி பிரித்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மின்சாரம் எந்தக் கட்டத்தில் போனது என்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு. பதிவிறக்கத்தின்போது போனால் கவலையே இல்லை. பாதி இறங்கிய கோப்பு தனிக் கோப்புறையில் காத்திருக்கும். அடுத்த முறை எஞ்சியது இறங்கும். பிரித்து வைக்கும்போதோ அமைக்கும்போதோ போனால்தான் சிக்கல்: சில தொகுப்புகள் புதியவை, சில பழையவை, சில பெஞ்சில் அமர்ந்தும் சேர்க்கை எண் பெறாதவை.

அப்போதும் டிபிகேஜி எச்சரிக்கையாகவே நடந்துகொள்கிறது. புதிய கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் முழுவதுமாக எழுதிவிட்டு, பிறகே பழைய கோப்பின் இடத்தில் அதை வைக்கிறது. எங்கே நின்றோம் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே மின்தடைக்குப் பின் கணினி கேட்பது ஒன்றுதான்: விட்ட இடத்திலிருந்து தொடரட்டுமா? நாம் தட்டப்போகும் கட்டளை அதற்கான ஒப்புதல்.

முதலில் செய்யக் கூடாதவை

ஒன்று, கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்து இயக்க வேண்டாம். பழுதுபார்க்கும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு, ‘லாக்’ கோப்புகளை அழிக்க வேண்டாம். அழிக்கச் சொல்லும் அறிவுரை எளிதில் கிடைக்கும், அது ஆபத்தானது. பதிவேட்டில் ஒரே நேரத்தில் இருவர் எழுதினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அதைத் தடுக்கவே, பதிவேட்டைக் கையில் எடுக்கும் நிரல் ஒரு பூட்டைப் போடுகிறது. அந்த நிரல் முடிந்தாலோ, கணினி அணைந்தாலோ பூட்டு தானாக விலகிவிடும். கோப்பு மட்டும் அங்கேயே இருக்கும். அது இருப்பதனால் பூட்டு இருப்பதாகப் பொருள் இல்லை. ஆகவே உண்மையிலேயே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை அழித்தால், இரண்டு பேர் ஒரே பதிவேட்டில் எழுத வழி செய்தவர்களாகிவிடுவோம். நிரல் ஓடவில்லை என்றால், அழிப்பதால் ஒரு பயனும் இல்லை.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். ‘பூட்டைப் பெற முடியவில்லை’ என்று வந்தால் பழுது என்று பொருள் இல்லை; வேறொரு நிரல் வேலை செய்கிறது என்று பொருள். உபுண்டு கணினியை இயக்கியதும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாகவே தொடங்குவது வழக்கம். பதினைந்து, இருபது நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் பூட்டு விலகும். ‘தடைபட்டது’ என்று வந்தால்தான் கீழ்க்காணும் வேலை.

மூன்று, புரியாமல் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல் வரும் கட்டளைகளை இட வேண்டாம். கட்டாயப்படுத்தி நீக்கும் அல்லது நிறுவும் கட்டளைகள் டிபிகேஜியின் எச்சரிக்கை உணர்வை அணைத்துவிடும்.

தட்டச்சு பற்றி ஒரு குறிப்பு

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே அடிக்க வேண்டும். ‘சூடோ’ என்பது எஸ், யு, டி, ஓ என்ற நான்கு எழுத்துகள். ‘டிபிகேஜி’ டி, பி, கே, ஜி. ‘ஏபிடி’ ஏ, பி, டி. கான்ஃபிகர், ஃபிக்ஸ், புரோக்கன், இன்ஸ்டால், அப்டேட், அப்கிரேட், கிளீன், ஆடிட் ஆகியவை நாம் அறிந்த ஆங்கிலச் சொற்களே. சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி விட வேண்டும். கோடு என்பது ஹைபன். இரண்டு கோடுகள் என்றால் ஒட்டி ஒட்டி இரண்டு. கோட்டுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடாது.

கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் உபுண்டுவில் டெர்மினல் திறக்கும். சூடோ கட்டளை இட்டதும் கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் புள்ளியோ நட்சத்திரமோ தெரியாமல் போகலாம். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். முழுவதும் அடித்து என்டர் தட்டினால் போதும்.

ஐந்து படிகள்

முதல் படி: இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்தடையைப் போலவே, வன்தட்டு நிறைந்துவிடுவதும் புதுப்பிப்பு பாதியில் நிற்க ஒரு காரணம். இடமில்லாத கணினியில் எந்தப் பழுதுபார்ப்பும் முடியாது.

டிஎஃப் -ஹெச்

இக்கட்டளை வன்தட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்று காட்டும். சாய்கோடு மட்டும் உள்ள வரிதான் முதன்மைப் பகுதி. அது 100 விழுக்காடு என்றிருந்தால், பதிவிறக்கி வைத்த பழைய தொகுப்புகளை முதலில் நீக்க வேண்டும்:

சூடோ ஏபிடி கிளீன்

இது மாணவர்களின் கோப்புகளைத் தொடாது. நிறுவிய மென்பொருளையும் தொடாது. வாசலில் குவிந்து கிடக்கும் காலிப் பெட்டிகளை அகற்றுவது போன்றது. அப்போதும் இடம் போதாவிட்டால் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். பெரிய காணொலிகளைப் பென் டிரைவுக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் படி: விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள்.

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

கட்டுரையின் மையம் இந்த ஒரு வரிதான். இறுதியில் வரும் ‘ஏ’ என்பது அமைக்கப்படாமல் நிற்கும் எல்லாத் தொகுப்புகளையும் குறிக்கிறது. பெஞ்சில் அமர்ந்தும் சேர்க்கை எண் பெறாத எல்லாத் தொகுப்புகளையும் பதிவேட்டில் பார்த்து, ஒவ்வொன்றாக அமைத்து முடிக்கிறது. ‘அமைக்கிறது’ என்ற பொருளில் வரிசையாக வரிகள் ஓடும். பத்து நிமிடம்கூட ஆகலாம். வரிகள் ஓடாமல் சிறிது நேரம் நின்றாலும் பொறுத்திருங்கள்.

இடையில் ஒரு கேள்வி வரக்கூடும். ஏதாவதொரு அமைப்புக் கோப்பைப் பள்ளியில் யாரேனும் மாற்றியிருந்தால், ‘உங்கள் கோப்பையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?’ என்று டிபிகேஜி கேட்கும். தெரியாத நிலையில் என்டர் மட்டும் தட்டினால் போதும்; இருக்கும் கோப்பே நீடிக்கும்.

மூன்றாம் படி: அறுந்த தொடர்புகளைச் சரிசெய்யுங்கள்.

சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

டிபிகேஜிக்குக் கையில் உள்ள தொகுப்புகள் மட்டுமே தெரியும். ஒன்றுக்குத் துணையாக வேண்டிய இன்னொன்று வந்து சேரவே இல்லை என்றால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எது குறைகிறது என்று கண்டறிந்து இணையத்திலிருந்து வரவழைப்பது ஏபிடியின் வேலை. அதனால் இப்படிக்கு இணைய இணைப்பு தேவைப்படலாம்.

தொடரும் முன் ஏபிடி ஒரு பட்டியலைக் காட்டிச் சம்மதம் கேட்கும். கட்டாயம் படித்துப் பாருங்கள். சிலவற்றை நிறுவப்போவதாகச் சொன்னால் ‘ஒய்’ என்று அடித்துத் தொடரலாம். மாறாக, நாம் பயன்படுத்தும் லிப்ரெஆஃபீஸ், ஜியோஜீப்ரா போன்றவற்றையோ முகப்புத் திரை தொடர்பான ஏராளமான தொகுப்புகளையோ நீக்கப்போவதாகச் சொன்னால் ‘என்’ என்று அடித்து நிறுத்திவிடுங்கள். பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு தொடரலாம்.

நான்காம் படி: நின்றுபோன புதுப்பிப்பை முடியுங்கள்.

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி அப்கிரேட்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. அப்டேட் என்பது கையிருப்புப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கிறது. எந்த மென்பொருளையும் மாற்றுவதில்லை. அப்கிரேட்தான் புதிய பதிப்புகளை நிறுவுகிறது. பட்டியல் இல்லாமல் பொருள் வாங்க முடியாது என்பதால், முன்னது முதலில் வர வேண்டும்.

ஐந்தாம் படி: சரிபாருங்கள்.

சூடோ டிபிகேஜி --ஆடிட்

இது பதிவேட்டுத் தணிக்கை. அரைகுறையாக நிற்கும் தொகுப்பு ஏதேனும் இருந்தால் பெயரோடு சொல்லும். எல்லாம் சரி என்றால் எதுவுமே சொல்லாது. ஒரு வரியும் வராமல் அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றால், வேலை முடிந்தது. அதன் பிறகு கணினியை ஒருமுறை முறைப்படி மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஒரே தொகுப்பு முரண்டு பிடித்தால்

சில நேரங்களில் இரண்டாம் படியே நிறைவேறாது. கடைசியில் ஒரு தொகுப்பின் பெயரைச் சொல்லி, அது மிக மோசமான நிலையில் இருக்கிறது, மீண்டும் நிறுவிய பிறகே அமைக்க முடியும் என்று டிபிகேஜி கூறும். பாதி பிரிக்கும்போதே மின்சாரம் போன தொகுப்பு அது. கோப்புகளில் சில வரவே இல்லை என்பதால் அமைக்க வழியில்லை. அதைத் திரும்ப வரவழைக்க வேண்டும்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்

இதை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, திரையில் காட்டிய தொகுப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். பதிவிறக்கிய தொகுப்புக் கோப்பே சிதைந்திருக்கக்கூடும் என்பதால், அதற்கு முன் ஏபிடி கிளீன் கட்டளையை ஒருமுறை இடுவது நல்லது. பிறகு இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

மிக அரிதாக, சேர்க்கைப் பதிவேடாகிய ஸ்டேட்டஸ் கோப்பே சிதைந்துவிடும். அதற்கும் வழி உண்டு. அதே கோப்புறையில் ‘ஸ்டேட்டஸ்-ஓல்ட்’ என்ற பெயரில் முந்தைய நகல் ஒன்று இருக்கும். ‘வார்’ கோப்புறையின் உள்ளே உள்ள ‘பேக்கப்ஸ்’ கோப்புறையில் அண்மை நாள்களின் நகல்களும் இருக்கும். சிதைந்ததை அழிக்காமல் வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டு, நல்ல நகலை அந்த இடத்தில் வைக்க வேண்டும். லினக்ஸ் நன்கு தெரிந்தவர் துணையோடு செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் அந்த நகல் இருக்கிறது என்று நாம் சொல்ல முடிந்தால், “ஃபார்மட்தான் ஒரே வழி” என்ற பேச்சை அங்கேயே நிறுத்த முடியும்.

முகப்புத் திரையே வராவிட்டால்

திரை கருப்பாக நின்றாலும் கணினி உயிரோடு இருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துகள் மட்டும் உள்ள திரை வந்து பயனர் பெயரைக் கேட்டால் நல்ல செய்தி. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே சென்று, மேற்சொன்ன ஐந்து படிகளையும் அப்படியே செய்யலாம்.

அதுவும் வரவில்லையா? கணினியை மீண்டும் இயக்கும்போது, பழைய கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். புதியது என்றால் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். ‘கிரப்’ என்னும் தொடக்கப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் கெர்னல் பதிப்புகள் வரிசையாகத் தெரியும். புதிய கெர்னல் நிறுவப்படும்போது முந்தையது உடனே நீக்கப்படுவதில்லை. இதுபோன்ற நாளுக்காகவே அது காத்திருக்கிறது. இரண்டாவதாக உள்ள பழைய பதிப்பைத் தேர்ந்தால் பல கணினிகள் வழக்கம்போலத் திறந்துவிடும். திறந்ததும் ஐந்து படிகளைச் செய்து முடியுங்கள்.

உபுண்டுவிலும் மின்ட்டிலும் அதே பட்டியலில் ‘ரெகவரி மோட்’ என்ற வரியும் இருக்கும். அதற்குள் சென்றால் ஒரு சிறு பட்டியல் வரும். ‘எஃப்எஸ்சிகே’ என்பது வன்தட்டின் கோப்பு அமைப்பைச் சோதிக்கும். ‘கிளீன்’ இடத்தைக் காலி செய்யும். ‘டிபிகேஜி’ என்பது அரைகுறைத் தொகுப்புகளைச் சரிசெய்யும். முதலில் எஃப்எஸ்சிகே, அடுத்து டிபிகேஜி என்ற வரிசையில் தேர்ந்து, முடிந்ததும் ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் கணினி தொடர்ந்து இயங்கும். ஒரு கட்டளையும் அடிக்காமல் செய்யக்கூடிய பழுதுபார்ப்பு இது.

எல்லாமே கைவிட்டால்கூட, ஃபார்மட் போடும் முன் ஒரு கடமை இருக்கிறது. உபுண்டு உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, ‘நிறுவாமல் பயன்படுத்திப் பார்’ என்ற வழியைத் தேர்ந்தால், வன்தட்டைத் தொடாமலே திரை வரும். கோப்பு மேலாளரில் பழைய வன்தட்டைத் திறந்து, ‘ஹோம்’ கோப்புறையில் உள்ள மாணவர் பணிகளை இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுக்கலாம். புதுப்பிப்பு தடைபட்டதால் கெடுவது மென்பொருள் தொகுப்புகள்தாம். மாணவர்களின் கோப்புகள் வேறிடத்தில் பத்திரமாகவே இருக்கும். அவற்றை இழப்பது பெரும்பாலும் நம் அவசரத்தால்தான்.

மீண்டும் நேராமல் இருக்க

மின்தடையை நம்மால் நிறுத்த முடியாது. புதுப்பிக்கும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

பதிவிறக்கத்தையும் நிறுவுதலையும் பிரித்துவிடுங்கள். இணைய வேகம் குறைந்த பள்ளிகளில் புதுப்பிப்பு நெடுநேரம் ஓடுவதற்குக் காரணம் பதிவிறக்கம்தான். அப்டேட் கட்டளை இட்ட பின்,

சூடோ ஏபிடி அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி

என்று கொடுத்தால் தொகுப்புகள் இறங்கி மட்டும் வைக்கப்படும். பாடவேளையின் ஊடே இது ஓடட்டும். மின்சாரம் போனாலும் இழப்பில்லை. பிறகு மின்சாரம் சீராக உள்ள நேரத்தில் வழக்கமான அப்கிரேட் கட்டளையை இட்டால் நிறுவும் வேலை மட்டுமே மிஞ்சும். ஆபத்தான நேரம் மிகவும் குறைந்துவிடும்.

மடிக்கணினி என்றால் முழுவதும் மின்னேற்றி, மின் இணைப்பிலும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் உள்ள இணைப்பில் இருக்கட்டும். யுபிஎஸ்ஸின் பேட்டரி வலுவிழந்திருந்தால் அது இருந்தும் இல்லாததே. ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் சோதித்துப் பாருங்கள்.

பள்ளி முடியும் மணிக்குப் பத்து நிமிடம் முன்பு புதுப்பிப்பைத் தொடங்க வேண்டாம். மின்தடை இல்லாமலே, அறையைப் பூட்ட வேண்டும் என்ற அவசரத்தில் மெயின் சுவிட்சை அணைப்பதும் இதே விளைவைத்தான் தரும். அறையைப் பூட்டுபவரிடமும் சொல்லி வையுங்கள்; ‘புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாலும் போதும்.

நின்றுவிட்டது போலத் தோன்றினால் சாளரத்தை மூடாதீர்கள். கணினி நம் பதிலுக்காகக் காத்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை நிறுவும் தொகுப்பு, உரிம ஒப்பந்தத்தைக் காட்டி ஒப்புதல் கேட்டு நிற்பது நல்ல எடுத்துக்காட்டு. அங்கே என்டர் தட்டினால் அசையாது. டேப் விசையால் ‘ஓகே’ என்ற இடத்துக்கு வந்த பிறகே என்டர் வேலை செய்யும். வரைகலைப் புதுப்பிப்புக் கருவியில் ‘டீடெயில்ஸ்’ என்பதைத் திறந்து வைத்திருந்தால் இத்தகைய கேள்விகள் கண்ணில் படும்.

ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் புதுப்பிக்க வேண்டாம். முதலில் ஒன்று, இரண்டு நாள் அது நன்றாக ஓடினால் மற்றவை. மாணவர் பணிகளை மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுப்பதும் பழக்கமாகட்டும்.

வகுப்பறைக்கு ஒரு வாய்ப்பு

பழுதான கணினியை மாணவர்களிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. திரையில் வந்த ஆங்கிலச் செய்தியைக் கரும்பலகையில் எழுதி, எந்தச் சொல் என்ன சொல்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிழைச் செய்தியிலேயே தீர்வுக் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஆங்கிலப் பாடத்தில் நாம் சொல்லித்தரும் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஒரு கணினியை மீட்கப் பயன்படுவதை அவர்கள் நேரில் பார்ப்பார்கள்.

மேல்நிலை மாணவர்களுக்கு இன்னும் ஒரு பணி கொடுக்கலாம். ‘வார்’ கோப்புறையின் உள்ளே ‘லாக்’ என்ற கோப்புறையில் ‘டிபிகேஜி டாட் லாக்’ என்ற கோப்பு இருக்கிறது. எந்தத் தொகுப்பு எந்த நாளில், எந்த நொடியில், எந்தக் கட்டத்தைக் கடந்தது என்று வரிவரியாக அதில் பதிவாகிறது. மின்சாரம் போன நேரத்தைச் சொல்லி, கடைசியாக நடந்தது எது, நடக்காமல் போனது எது என்று தேடச் சொல்லுங்கள். சான்றை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் பயிற்சி இது. கணினி அறிவியலுக்கு மட்டும் உரியதன்று.

ஆய்வகத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எந்தக் கணினி, எந்த நாள், என்ன செய்தி வந்தது, எந்தக் கட்டளையால் சரியானது என்று நான்கு பத்திகள் போதும். பணியிட மாறுதலில் நாம் வேறு பள்ளிக்குப் போனாலும், அடுத்து வரும் ஆசிரியருக்கு அந்த நோட்டு இருக்கும். ஐந்து படிகளையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, ஆய்வகச் சுவரில் இன்றே ஒட்டிவிடுங்கள். கணினி முடங்கும் நாளில் இணையத்தில் தேட இன்னொரு கணினி கையில் இல்லாமல் போகலாம்; சுவரில் இருக்கும் தாளுக்கு மின்சாரம் தேவையில்லை.